அக்கா மன்னித்த அம்மா

பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில்தான் என் அக்காவின் குழந்தைப் பருவத்தை முதன்முதலாக வாசித்தேன். மேசையில் கிடந்த பெண்கள் சஞ்சிகை ஒன்றில், இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு அவளுடைய படம். தோல் பூட்ஸ், கையோரம் குஞ்சம் தொங்கும் மேற்சட்டை, மடியில் கிட்டார், நெற்றியில் ஒரு பெரிய சிவப்புப் பொட்டு. எங்கள் அம்மா எங்களுக்கு ஒரு நாளும் பொட்டு வைத்ததில்லை. படத்துக்குக் கீழே அவள் பட்ட பசியைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு நேரச் சோறு. பூசைக்குப் போட ஒரேயொரு வெள்ளைச் சட்டை. கடற்கரையில் தன்னந்தனியாகப் பாடித் திரிந்த ஒரு சிறுமி.

சோறும் சட்டையும் உண்மை. ஆனால் அந்த இரண்டு பக்கத்திலும் நான் இல்லை.

அவளுக்கு இரண்டு வயது இளையவள் நான். அந்த வெள்ளைச் சட்டையில் பாதி என்னுடையது. ஞாயிறு காலை மாதா கோவிலில் முதல் பூசைக்கு அக்கா அதைப் போட்டுக்கொண்டு போவாள். முடிந்ததும் ஒரே ஓட்டமாக ஓடி வருவாள். அவள் கழற்றக் கழற்ற நான் போட்டுக்கொண்டு இரண்டாம் பூசைக்கு ஓடுவேன். அவளுடைய வியர்வை முதுகில் ஈரமாக ஒட்டும். அந்த ஈரத்தோடு முழங்காலில் நின்று செபம் சொன்னவளுக்கு, 'ஒரேயொரு சட்டை' என்ற வரியை வாசிக்கும்போது என்ன தோன்றும்? என் பெயரை வைத்தியரின் உதவியாளர் இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. நாங்கள் பட்ட பட்டினியைக்கூட அவள் தனக்கென்று எழுதி எடுத்துவிட்டாளே என்ற எரிச்சலில் இருந்தேன்.

எங்கள் ஊர் மன்னார்க் கரையில் இருந்தது. எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது அப்பா கடலுக்குப் போனார், திரும்பி வரவில்லை. அம்மா சம்மாட்டியின் மீன் வாடியில் வேலைக்குப் போனாள். சம்மாட்டி என்றால் படகும் வலையும் சொந்தமாக வைத்திருக்கிற முதலாளி. மீனை வகிர்ந்து, உப்புப் போட்டு, மணலில் காயவைப்பது அம்மாவின் வேலை. எவ்வளவு சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் அந்த வாடை கையை விட்டுப் போகாது. கோவிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு ஆள் இருக்கும் அளவுக்கு இடம் காலியாகவே கிடக்கும்.

சம்மாட்டி வீட்டில் ஒரு பெரிய ரேடியோ இருந்தது. கொழும்பில் இருந்து வரும் ஆங்கில ஒலிபரப்பில் அமெரிக்காவின் கன்ட்ரி பாட்டுகள் போகும். குதிரைக்காரர், நீளமான ரயில், சிறைச்சாலை, செத்துப்போன தாய், கைவிட்டுப் போன காதலி. கிட்டாரை மெல்லத் தட்டிக்கொண்டு அழுத குரலில் பாடுவார்கள். அக்கா அந்த வீட்டுப் படியில் போய்க் குந்துவாள். ஒரு சொல்லும் விளங்காது. காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதி வைத்து, வீட்டுக்கு வந்து எனக்குப் பாடிக் காட்டுவாள். எனக்கு அப்போதே அது பிடிக்காது. ஆனால் நன்றாகப் பாடினாள். அதை நான் மறுக்கப் போவதில்லை.

அவளுக்குப் பதினொரு வயதில் அந்த வீட்டில் இருந்து அம்மா அவளைத் தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். முற்றத்தில் போட்டு ஈர்க்குக் கட்டால் அடித்தாள். அம்மா எங்களை அடிக்கிறவள் அல்ல. அன்றைக்கு அடித்த அடியில் ஈர்க்கு முறிந்து பறந்தது. நான் அடுப்படியில் ஒளிந்துகொண்டேன். அடித்து முடித்துவிட்டு அம்மா நிலத்தில் இருந்து, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா அந்த வீட்டுப் படியை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை.

அதே கிழமை அம்மா கன்னியர் மடத்துக்குப் போனாள். வாசலில் நின்று, 'என்ர மூத்தவள் பாடுவாள், அவளைப் பாட்டுக் குழுவில சேருங்கோ, இங்கிலீஷும் படிப்பியுங்கோ' என்று கெஞ்சினாள். மடத்துக் கிட்டார் அக்காவின் கைக்கு வந்தது அப்படித்தான். சஞ்சிகையில் இது இல்லை. சஞ்சிகையில் அடி மட்டும் இருந்தது. பாடியதற்காகத் தாய் அடித்தாள் என்று இருந்தது.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, மாமா ஒருவரின் தயவில் நாங்கள் இருவரும் லண்டனுக்கு வந்தோம். அம்மா வர மறுத்துவிட்டாள். எங்களுக்குத் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில் ஒரு கடைக்கு மேலே ஒரு அறை கிடைத்தது. விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. ஒரு வாளியை நான் தூக்குவேன், ஒன்றை அவள் தூக்குவாள். ஊரின் பெயரைச் சொல்லிப் பகிடி விடுவாள்: 'வந்து சேர்ந்த இடத்தின்ர பேரே மிச்சமடி.' அந்தக் காலத்தில் நாங்கள் சிரித்தோம்.

அவளைக் கண்டுபிடித்த கதையும் சஞ்சிகையில் பொய்தான். அவள் மண்டபம் கூட்டும்போது தன்னை மறந்து பாடினாளாம். இசைக்குழுத் தலைவர் வாசலில் நின்று கேட்டு அசந்துபோனாராம். நடந்தது வேறு. கில்பர்ன் பக்கம் ஐரிஷ்காரர்களின் நடன மண்டபம் ஒன்றில் சனிக்கிழமைகளில் கன்ட்ரி பாட்டு நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு, ரயில் மாறி ரயில் மாறிப் போய், பின்கதவில் நின்றாள். குழுத் தலைவர் ஒரு தடித்த மனிதர், அக்கோடியன் வாசிப்பவர். மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தியப் பாட்டுக்கு இங்கே ஆளில்லை என்றார். அடுத்த சனிக்கிழமையும் போனோம். அதற்கு அடுத்ததும். ஆறு சனிக்கிழமை. ஒருமுறை மழையில் கதவைத் திறக்கவே இல்லை. 'வெட்கமா இருக்கு, வா போவம்' என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். 'உனக்கு வெட்கமெண்டால் நீ போ' என்றாள்.

ஏழாவது சனிக்கிழமை அவருடைய பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் அக்காவை மேடையில் ஏற்றினார். நான் அவளுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். அவள் மைக் முன்னால் போனதும் சிரிப்பு எழும்பியது. ஒருவன் தனக்கு ஒரு கோழிக்கறி என்று கத்தினான். இன்னொருவன் பியர் கிளாசுக்குக் கீழே வைக்கும் அட்டையைச் சுழற்றி எறிந்தான். அது அவள் கன்னத்தில் பட்டது. அவள் அதைக் குனிந்து எடுத்து, பியானோவின் மேல் ஒழுங்காக வைத்துவிட்டு, பாடத் தொடங்கினாள். முதல் பாட்டில் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவதில் கதை குறைந்தது. மூன்றாவதில் ஒரு வயதான சோடி எழும்பி ஆடத் தொடங்கியது. பிறகு தளம் நிறைந்தது. அந்த மண்டபத்தில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

இதை இப்படியே சொல்லியிருந்தால் நானும் பெருமைப்பட்டிருப்பேன். அவள் கேட்டு வாங்கினாள், வெட்கத்தை விட்டு நின்று வாங்கினாள். துடைப்பத்தோடு நின்று கண்டுபிடிக்கப்பட்டாள் என்று சொன்னால் வெள்ளைக்காரருக்கு இனிக்கும்போல.

எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் அல்ல. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் கோவில் பங்கில் பெரிய மனிதர் ஒருவர் என்னை மறித்தார்.

"உம்மட அக்கா சாராயக் கடையில பாடுறாவாம்?"

"ஓம். நீங்கள் எந்தக் கிழமை வந்தனீங்கள்? நான் காணேல்லையே."

அவர் மனைவி என்னோடு அதன் பிறகு கதைக்கவில்லை. ஐந்தாறு வருடத்தில் அக்கா தொலைக்காட்சியில் வந்தாள், இசைத்தட்டு போட்டாள், பெரிய தியேட்டர்களில் பாடினாள். அதே மனிதர் பங்கின் வருடாந்த விருந்துக்கு அவளைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட என்னிடம் வந்தார். அவளுக்கு நேரமில்லை என்று நானே சொல்லி அனுப்பினேன். அவளிடம் கேட்கவும் இல்லை.

அதற்குள் அக்கா ஹரோவில் வீடு வாங்கிப் போய்விட்டாள். நான் கல்யாணம் முடித்து மிச்சத்திலேயே இருந்தேன், முதியோர் இல்லம் ஒன்றில் சலவைப் பகுதியில் ஷிப்ட் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரில் இனி இருக்கவே முடியாது என்று ஆனபோது அம்மா லண்டனுக்கு வந்தாள். என் வீட்டுக்குத்தான் வந்தாள். 'எனக்கு மாசத்தில பாதி நாள் ஊர் ஊராய்ப் பாட்டு, அம்மா தனிச்சுப் போவா' என்றாள் அக்கா. நியாயம்தான். அக்காவின் நியாயங்கள் எப்போதும் சரியாகவே இருக்கும்.

அம்மா வந்த அடுத்த வருடம் அவளைத் தன் கச்சேரிக்குக் கூட்டிவரச் சொல்லி அக்கா கார் அனுப்பினாள். ஞாயிறு பின்னேரக் காட்சி. அம்மா நீலச் சேலை கட்டி, அதற்கு மேல் என் கம்பளிச் சட்டையைப் போட்டு, காலுறையோடு செருப்பும் போட்டுக்கொண்டாள். முன்வரிசையில் நடு இருக்கை. வலப்பக்கத்தில் நான், இடப்பக்கத்தில் வாசனை பூசிய ஒரு வெள்ளைக்காரக் கிழவி. அம்மா தன் இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்தாள். மீன் வாடியை விட்டு எத்தனையோ வருடமாகியும் அவளுக்கு அந்தப் பயம் போகவில்லை.

அக்கா நன்றாகப் பாடினாள். ஐந்தாறு பாட்டு முடிந்ததும் கிட்டாரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கதை சொல்லத் தொடங்கினாள். பசி, சட்டை, கடற்கரை. சனம் மூச்சுக் காட்டாமல் கேட்டது. பிறகு அடி. பாடியதற்காகத் தன் தாய் இரத்தம் வர அடித்த கதையை, குரல் தழுதழுக்க, ஒரு நல்ல நடிகையைப்போலச் சொன்னாள். எனக்குப் பின்னால் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அம்மா மகளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அக்கா நிறுத்தவில்லை. தன் தாய் இன்றைக்கு இந்த அரங்கில் இருக்கிறாள் என்றாள். தான் அவளை முழுமனதோடு மன்னித்துவிட்டதாகச் சொன்னாள். அம்மாவை நோக்கிக் கையை நீட்டினாள். வெளிச்சம் எங்கள் மேல் திரும்பியது.

அரங்கு முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. தனக்குத்தான் மரியாதை செய்கிறார்கள் என்று அம்மாவுக்கு விளங்கியது. பிள்ளையைப் பெற்று வளர்த்ததற்காகத் தட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். அவளும் எழும்பினாள். சேலைக்குள் இருந்து கைகளை வெளியே எடுத்து, நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டாள். பக்கத்துக் கிழவி கண்ணீரோடு அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள், ஒரு குற்றவாளி திருந்திவிட்டதைப் பார்த்த சந்தோசத்தோடு. நான் எழும்பவில்லை.

திரும்பி வரும்போது காரில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்னைப் பற்றி என்னவோ சொன்னவள். என்ன சொன்னவள், பிள்ளை?"

'நல்ல அம்மா எண்டு சொன்னவள்' என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி வேலை. ஆனால் அக்காவின் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. அம்மாவும் அவளை வெறுக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். மன்னித்ததையும் சொன்னேன். சனம் எதற்காகக் கை தட்டியது என்பதையும் சொன்னேன்.

அம்மா என் கையை விட்டாள். கார் இரண்டு மூன்று சிக்னலில் நின்று போயிற்று.

"பாட்டுக்கு அடிச்சதெண்டே நினைச்சிருக்கிறாள்?"

"அப்ப ஏன் அம்மா அடிச்சனீங்கள்?"

அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "சம்மாட்டியின்ர மூத்தவன் அவளை மடியில இருத்தி வைச்சுப் பாடச் சொல்லிக்கொண்டிருந்தவன். அவன்ர கை இருந்த இடத்தை நான் கண்டனான்."

"அதை அவளுக்குச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"பதினொரு வயசுப் பிள்ளைக்கு என்னெண்டு சொல்லுறது? சொன்னால் விளங்காது. அடிச்சால் திரும்ப அந்தப் பக்கம் போகமாட்டாள். அவனைக் கேக்கவும் ஏலாது. அவங்கட வாடியிலதானே எங்கட சோறு." சேலைத் தலைப்பை இழுத்து இரண்டு கையையும் அதற்குள் வைத்துக்கொண்டாள். "பாட்டுக்கெண்டே அவள் நினைச்சுக்கொண்டிருக்கட்டும். அது நல்லது. நீ வாயைத் திறந்தியெண்டால் நான் உன்ர வீட்டில இருக்கமாட்டன்."

திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியம் பத்து நாள்கூட நிற்கவில்லை.

அம்மா செபமாலைக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு காலையில் அக்கா வந்தாள். அம்மா தொலைபேசியில் சரியாகக் கதைக்கவில்லை என்பதை வைத்தே கண்டுபிடித்திருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் என் குசினியில் நின்றாள்.

"அம்மாவுக்கு ஏனடி சொன்னனி?"

"நீ ஒரு தியேட்டர் நிறைஞ்ச சனத்துக்குச் சொன்னதைத்தானே சொன்னன்."

"அவவுக்கு இங்கிலீஷ் விளங்காதெண்டுதான் நான்..."

"விளங்காத ஆளை எழுப்பி நாலு பக்கமும் கும்பிட வைச்சனியே, அது ஆருக்கு?"

"உனக்கு எரிச்சல். நீ வாளியோட நிண்டுபோனாய், நான் போயிட்டன். அதுதான் உன்ர வருத்தம்."

அது உண்மை என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்க வேண்டும். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்டிக்குள் போட்டேன், கைபிடி உடைந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மடியையும் கையையும் சொன்னேன். அம்மா யாரிடம் இருந்து அவளைக் காப்பாற்றினாள் என்று சொன்னேன். அவளைக் காயப்படுத்தவே சொன்னேன். வேறு நோக்கம் எனக்கு இருந்ததென்று இப்போது எழுதினால் நானும் அந்தச் சஞ்சிகைக்காரியாகிவிடுவேன்.

அக்கா கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்த மடியில இருந்தது அம்மாவோ? நான்தானே இருந்தனான். எனக்குத் தெரியாமல் வேற ஆருக்கடி தெரியும்?"

அக்கா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். அவளுடைய குரலில் மேடைத் தழுதழுப்பு எதுவும் இல்லை. மீன் விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அதை மேடையில சொல்ல ஏலுமே? சனம் ரிக்கெட் எடுத்து அழ வருகுது. அழுகைக்கும் ஒரு அளவு இருக்கு. தாய் அடிச்சதெண்டால் அழுதுபோட்டு வெளிய போய் ஐஸ்கிரீம் சாப்பிடும். மற்றதைச் சொன்னால் ஒருத்தரும் என்ர முகத்தைப் பாக்கமாட்டினம்."

"ஒண்டும் சொல்லாமல் பாட்டை மட்டும் பாடியிருக்கலாம்."

"என்னை ஆர் வெறும் பாட்டுக்கு எடுத்தது? நீயும் நிண்டனிதானே அந்தப் பின்கதவில."

எனக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில்தான் இருந்தாள். ஆனால் முன்வரிசையில் திரும்பித் திரும்பிக் கும்பிட்ட அம்மா கண்ணில் வந்து நின்றாள்.

"அவனை விட்டுப்போட்டு அம்மாவைத் தூக்கிக் குடுத்தனி" என்றேன்.

"ஓம்" என்றாள். "அவனைச் சொல்ல வாய் வரேல்ல. அம்மாவைச் சொல்ல வந்தது."

"வெளியில போ."

போனாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

அம்மாவுக்கு இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. சத்தியத்தை மீறியது தெரிந்தால் போய்விடுவாளோ என்ற பயம் ஒன்று. மற்றது, மகளுக்கு எதுவும் தெரியாது என்ற நம்பிக்கை ஒன்றுதான் அந்த அடியில் அம்மாவுக்குக் கிடைத்த லாபம்; அதையும் பிடுங்க மனம் வரவில்லை. அக்கா மாதம் ஒரு தரம் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவாள். அப்போது நான் மேல்மாடியில் இருப்பேன். அவள் தொலைக்காட்சியில் வந்தால் அம்மா பார்ப்பாள், சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு. கச்சேரிக்கு மறுபடி போகவில்லை. கேட்டால், கால் வலி என்பாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்மா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாள். அடக்கப் பூசையில் அக்கா பாடலாமா என்று பங்குச் சுவாமி என்னிடம் கேட்டார்.

"இது கச்சேரி இல்லை, சுவாமி" என்றேன்.

பின்னால் நின்ற அக்காவின் காதில் அது விழுந்தது. கறுப்பு உடுப்பில், பூட்ஸும் பொட்டும் இல்லாமல், முதல் வாங்கில் இருந்தாள். பாட்டுக் குழு பாடும்போது அவளுடைய உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் கொடுக்கும்போது, வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஒரு இசைத்தட்டு உறையைக் கையெழுத்துக்கு நீட்டினாள். "கடைசியில் உன் அம்மாவோடு சமாதானமானாயே, அது பெரிய விஷயம்" என்று அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னாள். அக்கா கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாள். நான் அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்து, வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அவளுக்கு நான் யாரென்று தெரியவில்லை. வேலைக்காரி என்று நினைத்திருக்கலாம்.

அடுத்த வருடம் ஒரு நாள் சலவை அறை வானொலியில் அக்காவின் பேட்டி போனது. போர்வைகளை மடித்துக்கொண்டே கேட்டேன். பசி வந்தது, கடற்கரை வந்தது. அடியும் வந்தது. ஆனால் இப்போது அடித்தது அம்மா அல்ல, கூட இருந்த ஒரு பெரியம்மா. கொடுமைக்காரியாம். அம்மா ஓடிவந்து குறுக்கே விழுந்து மகளைக் காப்பாற்றினாளாம்.

எங்களுக்குப் பெரியம்மா இல்லை. அம்மாதான் வீட்டுக்கு மூத்தவள்.

இடைவேளையில் தொலைபேசி எடுத்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"ஆரடி அந்தப் பெரியம்மா?"

"ஆரோ ஒருத்தி அடிக்கத்தானே வேணும்" என்றாள்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். நத்தார்ப் பண்டிகைக்கு அவள் வாழ்த்து அட்டை அனுப்புகிறாள். நானும் அனுப்புகிறேன். இரண்டிலும் கையெழுத்து மட்டும்தான் இருக்கும்.